மழைக்காலத்து மாங்கா

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ராஜ்யங்கள் கவிழ்ந்ததையும், வால் நட்சத்திரம் தோன்றியதையும், கடல் உள்வாங்கியதையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்த சரித்திரக்காரர்கள் ஒரு மாபெரும் நிகழ்ச்சியைக் கோட்டை விட்டுவிட்டார்கள். ஒரு லாண்ட்ரிக் கடையில், சட்டைக்குள் வைத்து மடிக்கிற அட்டைக் கட்டு, ஒரு மழைக்காலம் முழுக்கக் குறையவே இல்லை.

குறைந்திருந்தால் யாரோ திருடுகிறார்கள் என்று நிம்மதியாகச் சந்தேகப்படலாம். குறையவில்லை. சட்டை வருகிறது, வெளுக்கிறது, மடிந்து வீடு போய்ச் சேருகிறது. அட்டை மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. இதில் ஏதோ இருக்கிறது என்று கடைக்காரருக்குப் பட்டது. அவருக்கு எதிலும் ஏதோ இருக்கும்.

தெருவில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, கடைப் பலகையில் சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தவர் அவர். துணி கவுண்டருக்கு வந்ததும் முதலில் பைகளைத் துழாவுவார். பஸ் டிக்கெட், பாதி மாத்திரை, மூடி இல்லாத பேனா எல்லாம் வரிசையாக வெளியே வரும். பிறகு சட்டையை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார்.

"காப்பி" என்பார். கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஆனா வீட்டுக் காப்பி இல்ல" என்பார்.

சட்டைக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நிற்கிற மனைவியைப் பார்க்காமல் கூரையைப் பார்ப்பார். எக்ஸ்ரே மெல்லத் தலையசைப்பார். இந்த வைத்தியத்துக்குப் பயந்து பாதிப் பேர் கறையை வீட்டிலேயே அரைகுறையாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் துணியைக் கொண்டுவருவார்கள். அதனால் கறை துணியோடு ஒட்டிக்கொண்டு, பிறகு எதற்கும் போகாது. அதையும் அவர் சாட்சியைக் கலைக்கிற முயற்சி என்றுதான் எடுத்துக்கொண்டார்.

முதலாளி என்று அவரைச் சொல்லலாம். கடையில் இருந்ததே இரண்டு பேர்தான், மற்றவர் அவர் மனைவி. அந்த மழையில் இரண்டு பேருக்கும் இடுப்பு ஒடிந்தது. எந்த வீட்டிலும் எதுவும் காயவில்லை. படுக்கை விரிப்பு, திரைச்சீலை, ஆஸ்பத்திரிக் கோட்டு என்று மூட்டை மூட்டையாக வந்தது. உலர்த்தும் உருளை காலையிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கும். பின்னறையில் அவர் பிரஸ் மேசையில் நிற்பார். காலால் மிதித்தால் மூடி இறங்கும், உஸ்ஸென்று நீராவி கிளம்பும், கண்ணாடி மங்கும். எக்ஸ்ரேக்குக் கண் தெரியாத ஒரே நேரம் அதுதான். முன்னறையில் அவள் மடிப்பாள். காலர் பட்டனைப் போட்டு, சட்டையைக் குப்புறப் போட்டு, முதுகில் அட்டையை வைத்து, கைகளை உள்ளே ஒடித்து, கீழ்ப்பக்கத்தை மேலே தூக்கி ஒரே புரட்டு. அந்தப் புரட்டுக்காகவே அவளிடம் துணி போட்டவர்கள் உண்டு.

"அட்டை குறையலையே" என்றார் ஒருநாள்.

"நல்லதுதானே."

"எப்படி நல்லது?"

"புதுசு வாங்க வேண்டாமில்ல."

அந்தப் பதிலை அவர் சாயங்காலம் வரைக்கும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இவ்வளவு சுருக்கமான பதிலை முன்னாலேயே தயார் பண்ணி வைக்காமல் யாராலும் சொல்ல முடியாது.

மாடியில் அவருடைய அக்கா இருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசு பூராவும் அடுத்தவர் பேச்சை இணைத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அவள்தான் ஓய்வு பெற்றாள், காது பெறவில்லை. மறுநாளே அவள் பின்னறைக்கு வந்து, நீராவியைக் கையால் விசிறிக் கலைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள்.

"டேய் தம்பி, உன் பொண்டாட்டி போன்ல பேசிட்டிருந்தா."

"யார்கிட்ட?"

"அது எப்படித் தெரியும்? ஒரு பக்கம்தானே கேக்குது. அந்தக் காலமா, ரெண்டு பக்கமும் கேக்கறதுக்கு?"

"சரி, என்ன பேசினா?"

"'புதுசா மாங்கா வந்திருக்கு, நல்லா தடியா இருக்கு'ன்னா. 'நான் முடிச்சிட்டு உங்களுக்குத் தர்றேன், நீங்க முடிச்சிட்டு நர்ஸம்மாவுக்குக் குடுத்துடுங்க'ன்னா."

"மாங்காவா?"

"மாங்கா."

"இந்த மழையில ஏதுக்கா மாங்கா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். சரி, எங்கேருந்தோ வந்துச்சுன்னே வெச்சுக்க. இவ முடிச்ச மாங்காவை எப்படிடா இன்னொருத்தர் முடிப்பாங்க? கொட்டையையா குடுப்பா?"

எக்ஸ்ரே பெடலிலிருந்து காலை எடுத்தார். அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"மாங்காங்கறா, நர்ஸுங்கறா... ஏண்டா, வீட்ல ஏதாச்சும் விசேஷமா?"

"அக்கா, அவளுக்கு நாப்பத்தாறு வயசு."

"அப்ப அது இல்ல." அக்கா முகத்தில் ஏமாற்றமும் உற்சாகமும் ஒரே நேரத்தில் வந்தன. "அப்ப இது வேற மாங்கா. சங்கேத வார்த்தை. எக்ஸ்சேஞ்சுல நான் கேக்காததா? ஒருத்தன் தினமும் போன் பண்ணி 'சர்க்கரை இருக்கா'ம்பான். கடைசியில பாத்தா..."

"பாத்தா?"

"அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்துட்டா."

சந்தேகத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. அது அன்றைக்குச் சாயங்காலம் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தது. பஸ் டிரைவர். நல்ல உயரம், அதைவிட நல்ல மீசை. கையில் ஒரே ஒரு சட்டை.

"ஒண்ணுதானா?" என்றார் எக்ஸ்ரே.

"ஒண்ணுதான் சார் அழுக்காச்சு."

"நேத்தும் ஒண்ணுதானே கொண்டு வந்தீங்க?"

"நேத்து அது அழுக்காச்சு சார்."

பையைத் துழாவினார். ஒன்றும் இல்லை. பையில் ஒன்றுமே வைத்திராத மனிதனை அவர் அதுவரை சந்தித்ததில்லை. விளக்குக்கு எதிரே தூக்கினார். கறை இல்லை. முகர்ந்தார். சோப்பு வாசனை அடித்தது.

"இது துவைச்ச சட்டை."

"உங்க கடை மடிப்பு மாதிரி வராது சார்" என்றார் டிரைவர், அவரைப் பார்க்காமல் மடிப்பு மேசையைப் பார்த்து.

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்றாள் அவள். "முடிச்சு வெச்சிர்றேன்."

"அதுக்குள்ள முடிச்சிடுவீங்களா? தடின்னு சொன்னீங்களே."

"எது தடி?" என்றார் எக்ஸ்ரே.

டிரைவர் விழித்தார். "துணி சார். கொஞ்சம் தடித் துணி."

அந்தச் சட்டை வழியாகத் தெரு விளக்கு தெரிந்தது.

மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மடித்து உறை போட்டு அலமாரியில் வைத்திருந்த டிரைவரின் சட்டையை எடுத்தார். கனத்தது. பிரித்தார். அட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. சட்டையின் முதுகோடு முதுகாக, அளவெடுத்து வைத்தமாதிரி. அவர் அதை உருவிக்கொண்டு, நல்ல பிள்ளையாக அட்டையை வைத்து மடித்தார். அந்தப் புரட்டு மட்டும் வரவில்லை.

படப் புத்தகம். அவருக்கு உடனே ஞாபகம் வந்தது: முன்பு ஒருதரம் அவள் கவுண்டரில் இப்படி ஒன்றை விரித்து வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் தொழில், ஒழுக்கம், வயதுக்கேற்ற நடத்தை ஆகிய மூன்று தலைப்புகளில் உரையாற்றினார். அதற்குப் பிறகு அவள் கையில் அவர் பொம்மைப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. உரை வேலை செய்துவிட்டது என்று நினைத்திருந்தார்.

அக்காவும் தம்பியும் பின்னறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜப்பான்காரர் யாரோ வரைந்தது. பேச்சே கிடையாது. மழைக்கும் கதவுக்கும் மட்டும் பக்கத்தில் ஏதோ கீறல் எழுத்து. முன்னட்டை, பின்னட்டை இரண்டிலும் படம் இருந்தது. உலகத்தில் மரியாதையான மனிதன் ஒரு புத்தகத்தை எப்படித் திறப்பானோ அப்படித் திறந்தார்.

முதல் பக்கத்தில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் கன்னம் உப்பி நன்றாக இருந்தான்.

"உன்னை மாதிரியே இருக்கான்" என்றாள் அக்கா.

அடுத்த பக்கத்தில் அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவள் ஒரு கிண்ணத்தை அவன் வாயருகே பிடித்திருந்தாள். அதற்கடுத்த பக்கம் மறுபடி கிண்ணம். அவன் கன்னம் ஒட்டியிருந்தது. பிறகும் கிண்ணம், விலா எலும்பு தெரிந்தது. பிறகு ஒரு டாக்டர் வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன குடுக்கறாடா அந்தப் பாவி?"

"சூப்பு மாதிரி இருக்கு."

அதற்கப்புறம் ஒரு பெட்டி. அவள் கையில் துணிகள். பெட்டி வாயைப் பிளந்திருந்தது. அடுத்ததில், கொட்டுகிற மழையில், பெட்டியோடு வீட்டு வாசலில் நின்றாள்.

"வெளிய போறவ ஏன் வீட்டைப் பார்த்து நிக்கறா?" என்றாள் அக்கா. சாட்சியை எளிதில் விடுகிறவள் இல்லை அவள்.

எக்ஸ்ரே யோசித்தார். "கடைசியா ஒரு தடவை பாக்கறா."

"என்ன நெஞ்சழுத்தம் பாரு."

அடுத்த பக்கத்தில் பஸ். முன் சீட்டில் அவள். ஸ்டியரிங்கில் ஒரு டிரைவர். மீசை வைத்த டிரைவர். கடைசிப் பக்கத்தில் அவள் மட்டும் கடற்கரையில் தனியாக நின்றாள். காற்றில் தலைமுடி பறக்க, கண்ணை மூடி, பாரம் இறங்கிய மாதிரி ஒரு முகம்.

"சொல்லிக் குடுக்கறான்டா" என்றாள் அக்கா. "படம் போட்டுச் சொல்லிக் குடுக்கறான்."

அன்று சாயங்காலம் சட்டையை வாங்கிப்போன டிரைவர், போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அம்மா... உள்ள அட்டைதான் இருந்துச்சு."

அவள் கை மேசை மேலேயே நின்றுவிட்டது. பின்னறைக் கதவோரத்திலிருந்து எக்ஸ்ரே கேட்டார்: "சட்டைக்குள்ள அட்டைதானே சார் இருக்கும்? வேற என்ன எதிர்பார்த்தீங்க?"

"இல்ல சார். அட்டை... நல்ல அட்டை. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு டிரைவர் மழையில் இறங்கினார். குடையைக் கவுண்டரிலேயே விட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு எக்ஸ்ரே. அவர் இல்லாதபோது அவள் பின்னறையில் தேடுவது அவருக்குத் தெரிந்தது. தேடுவது அவருக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரிந்தது. புத்தகம் எங்கே என்று அவளும் கேட்கவில்லை, எந்தப் புத்தகம் என்று அவரும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன இது?"

"சூப்பு. மழைக்கு இதமா இருக்கும்."

"நீ முதல்ல குடி."

அவள் தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் குடித்தாள்.

"உன்னோடதுல இல்ல. என்னோடதுல."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு கிண்ணத்தையும் இடம் மாற்றினாள். இப்படி மாற்ற வேண்டிவரும் என்று எதிர்பார்த்தே முதலிலேயே மாற்றி வைத்திருந்தால்? எக்ஸ்ரே எழுந்து கை கழுவிவிட்டு, பசியில்லை என்றார். தெருமுனை பேக்கரியில் நின்றுகொண்டே காய்ந்த பன்னைத் தின்றார். அப்படியே பல நாள் போயிற்று. பன் வயிற்றைக் கெடுத்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். கன்னம் ஒட்டியது.

அக்கா மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "பாத்தியா? அப்படியே படத்துல இருக்கற மாதிரி இளைக்கறே."

"நான்தான் அவ குடுக்கறதைச் சாப்பிடவே இல்லையேக்கா."

"அப்படியும் இளைக்கறேன்னா எவ்வளவு சாமர்த்தியமா வெச்சிருப்பா!"

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. மத்தியானம் கட்டிலுக்கு அடியிலிருந்து அவள் பெட்டியை இழுத்தாள்.

"எங்க?"

"நர்ஸம்மாவைப் பாத்துட்டு வந்துர்றேன்."

"பெட்டி எதுக்கு?"

"பழைய துணி கொஞ்சம் கேட்டாங்க."

பொய்யென்று பெட்டியே சொல்லிற்று. துணி இருக்கிற பெட்டிக்கும் வேறு எதுவோ இருக்கிற பெட்டிக்கும் தூக்குகிற தோள் வேறு மாதிரி இறங்கும். அது லாண்ட்ரிக்காரருக்குத் தெரியாதா? அவள் தெருமுனை திரும்பியதும் அக்காவும் தம்பியும் டிரைவர் விட்டுப்போன குடைக்குள் புகுந்துகொண்டு கிளம்பினார்கள். ஒரு குடைக்கு இரண்டு துப்பறிவாளர்கள் கொஞ்சம் அதிகம். வெளித் தோள் இரண்டும் நனைந்தன.

அவள் நர்ஸ் வீட்டுப் பக்கமே போகவில்லை. நேராக பஸ் டிப்போவுக்குள் நுழைந்தாள். நிறுத்தி வைத்த பஸ்களுக்கு நடுவே, டீசலும் மழைத் தண்ணீரும் கலந்து வானவில் காட்டிக்கொண்டிருந்த தரையைத் தாண்டி, டிரைவர்கள் ஓய்வெடுக்கிற அறைக்குள் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா காதை வைத்தாள். இத்தனை வருஷ அனுபவம். ஒரு சொல் சிந்தவில்லை.

"இந்த வாரம் வந்ததுலயே இதுதான் டாப்பு" என்றது ஒரு பெண் குரல். "பொண்டாட்டி புருஷனை விட்டுட்டுக் கிளம்பறா பாருங்க, அந்த இடத்துல எனக்குக் கைதட்டணும்போல இருந்துச்சு."

எக்ஸ்ரே கதவைத் தள்ளினார்.

உள்ளே நீள மேசை. டிரைவர், ஆஸ்பத்திரி நர்ஸ், கடைத்தெரு பல் டாக்டர், கூடவே எக்ஸ்ரேயின் சொந்த மனைவி. மேசை முழுக்கப் புத்தகங்கள். பெட்டி திறந்திருந்தது, அதிலும் புத்தகங்கள்.

"யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்றார் எக்ஸ்ரே. யாரும் எழுந்திருக்கவில்லை. வழி நெடுக மனசுக்குள் தயார் செய்த உரையைத் தொடங்கினார். "நம்பிக்கை என்பது வெள்ளைத் துணி மாதிரி. அதிலே ஒரு சொட்டு விழுந்துவிட்டால்..."

"குடை சொட்டுது சார்" என்றார் பல் டாக்டர், புத்தகங்களைத் தள்ளி வைத்துக்கொண்டே.

எக்ஸ்ரே சட்டைக்குள்ளிருந்து ஆதாரத்தை உருவி மேசைமேல் போட்டார். "இதுக்கு என்ன பதில்?"

"அடடா!" பல் டாக்டர் பாய்ந்து எடுத்தார். "இது என்னோடதுங்க! ஆர்டர் பண்ணி வந்து ரெண்டு பேர்கூடப் படிக்கல, அதுக்குள்ள காணாமப் போயிடுச்சு. ஐயையோ, பக்கமெல்லாம் அலை அலையா கிடக்கு. எங்க சார் வெச்சிருந்தீங்க?"

"பிரஸ் ரூம்ல" என்றாள் அக்கா.

"நீராவியிலயா!"

"பேச்சை மாத்தாதீங்க" என்று எக்ஸ்ரே புத்தகத்தைத் திருப்பிப் பிடுங்கினார். பக்கம் பக்கமாகக் காட்டி வாசித்தார்: மேசையில் சிரிப்பு, கிண்ணம், விலா எலும்பு, டாக்டர், பெட்டி, மழை, மீசை, கடற்கரை. வாசித்து முடித்தார். டிரைவர் தன் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சார்" என்றார் டிரைவர் மெதுவாக. "அதைத் திருப்புங்க."

"எதை?"

"புத்தகத்தை. அது ஜப்பான் புத்தகம் சார். நமக்குக் கடைசின்னு தோணுற பக்கம்தான் அதுக்கு முதல் பக்கம். வலது கைப்பக்கமிருந்து வரணும்."

டிரைவரே புரட்டினார். கடற்கரையில் தனியாக நின்ற பெண் பஸ் ஏறினாள். மழையில் ஒரு வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். பெட்டியைப் பிரித்துத் துணிகளை வெளியே எடுத்து வைத்தாள். டாக்டர் கைவிட்ட மனுஷனுக்குக் கிண்ணம் கிண்ணமாக ஊட்டினாள். அவன் விலா மறைந்தது, கன்னம் உப்பியது, மேசையில் உட்கார்ந்து சிரித்தான்.

நர்ஸ்தான் முதலில் சிரித்தாள். பல் டாக்டர் தன் தொழிலுக்கு விளம்பரம் மாதிரி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார்.

"அப்ப மாங்கா?" என்றாள் அக்கா, விடாமல்.

"இதுதாங்க மங்கா. ஜப்பான்ல இந்த மாதிரி புத்தகத்துக்கு அதுதான் பேரு" என்றாள் நர்ஸ். "நாங்க புதுசா வாங்கறதை ஒருத்தருக்கொருத்தர் மாத்திக்குவோம். சட்டைக்குள்ள வெச்சா நனையாமப் போகும்னு உங்க தம்பி சம்சாரம்தான் சொன்னாங்க."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பெண்டாட்டி புருஷனை விட்டுப் போகிற புத்தகம் எது என்று கேட்டு வாங்கி, எந்தப் பக்கமிருந்து என்று ஜாக்கிரதையாக விசாரித்துக்கொண்டு, படிக்க ஆரம்பித்தாள். தம்பி கிளம்பும்போது தலையைத் தூக்கவில்லை.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியை மூடி எடுத்துக்கொண்டாள். இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். இந்தமுறை நடுவே இடம் இருந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கதவோரம் வைத்துவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"விஷம்னா நினைச்சீங்க?"

"விஷம்னு இல்ல..."

"பின்ன?"

"ஏதோ ஒண்ணு."

கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் தூக்கி, தியாகிபோல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்தார். நாக்கு வெந்தது.

"அருமையா இருக்கு" என்றார். "கைப்பக்குவம்."

"பாக்கெட் சூப்பு."

அவருக்கு வயிறு நிறைந்தது. நிறைந்த வயிற்றில் ஒரு கேள்வி மட்டும் இடம் பிடித்துக்கொண்டு நின்றது.

"நீ எந்தப் பக்கத்திலிருந்து படிச்சே?"

"முதல் தடவையா? ஜப்பான் புத்தகம் எனக்கு அதுதான் முதல். உங்களை மாதிரிதான். இடது பக்கத்திலிருந்து."

"அப்ப உனக்கும் அப்படித்தான் தோணிச்சா? அவ கிளம்பிப் போறான்னு?"

"ஆமா."

"தப்புன்னு தோணலையா?"

"நல்ல கதைன்னு தோணிச்சு." அவள் கிண்ணத்தை எடுத்துக் கழுவினாள். "அப்புறம் டிரைவர் போன்ல சொன்னாரேன்னு திருப்பிப் படிச்சேன். சரியாப் படிச்சா கொஞ்சம் சப்புனு இருக்கு."

அவர் சிரித்தார். அவள் கூடச் சேருவாள் என்று காத்திருந்தார். சேரவில்லை. அவர் கதவோரத்தைப் பார்த்தார்.

"பெட்டியைப் பிரிக்கலையா?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றைக்கு அவள் எங்கேயும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் பஸ் கிடையாது.